நுரைக்காத ஊருல ஒரு சோப்பு!

'ஃபைட் கிளப்' பார்த்திருக்கீங்களா பாஸ்? 1999-ல் வந்த ஹாலிவுட் படம். அதுல பிராட் பிட் சோப்பு காய்ச்சி விப்பார். ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி எட்டுப் பேர் உட்கார்ந்து அதைப் பார்த்தப்ப, "சோப்பெல்லாம் ஒரு மேட்டராடா? கெமிஸ்ட்ரி மேஜர்டா நான். கண்ணை மூடிக்கிட்டுக் காய்ச்சுவேன்"னு சவுண்டு விட்டவன் அடியேன்தான். அந்த சவுண்டுக்கு ஆப்பு, 2020 ஏப்ரல்ல வந்துச்சு.

லாக்டவுன். ஹாஸ்டலைப் பூட்டிட்டாங்க. மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். அருப்புக்கோட்டையில இருந்து தூத்துக்குடி போற ரோட்டுல பஸ் ஏறினா வர்ற பந்தல்குடிதான் நம்ம ஊர். மேல கரிசல், கீழ சுண்ணாம்புக்கல். சிமென்ட்டுக்காகச் சுரங்கம் வெட்டி எடுக்குற அளவுக்குச் சுண்ணாம்புக்கல்! அப்போ தண்ணி எப்படி இருக்கும்? எங்க வீட்டு போர் தண்ணியில சோப்பு போட்டா நுரை வராது. திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா திப்பி திப்பியா மிதக்கும். அடுத்த ஊர்க்காரன் ஒரு சோப்பு போடுற இடத்துல நாங்க ரெண்டு போடணும்.

டி.வி-யில என்னடான்னா, 'இருபது விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க'ன்னு மணிக்கு நாலு தடவை சொல்றாங்க. வீட்டுல அஞ்சு பேர். அப்பாவோட தொழில் நின்னு போச்சு. குளியல் சோப்பு, துணி சோப்பு எல்லாத் துண்டும் ஒண்ணா ஒட்டி, உருண்டையா ஒரே டப்பாவுல கிடந்துச்சு. மளிகைக் கடையில அரிசிக்கே கடன் சொல்லியாச்சு. சோப்புக்கும் சொல்ல அம்மாவுக்கு வாய் வரல.

அப்பாவுக்கு என்ன தொழில்னு சொல்லல இல்ல? காலேஜ்ல முதல் நாள் 'இன்ட்ரோ' குடுத்தப்ப, "டெக்ஸ்டைல் லைன்ல இருக்கார்"னு சொல்லி வச்சேன். பொய்யும் இல்ல. ஊராரோட துணியைத் துவைச்சு அயர்ன் பண்றதும் டெக்ஸ்டைல்தானே! அப்பத்தா, தாத்தா எல்லாருமே சலவைத் தொழிலாளிங்க. ஆபீஸ், கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாத ஊருல அயர்ன் பெட்டிக்கு என்ன வேலை?

"நானே சோப்பு செய்யறேன்"னு எந்திரிச்சேன். கொழுப்பு பிளஸ் காரம், சோப்பு பிளஸ் கிளிசரின். அஞ்சு மார்க் கேள்வி. சமன்பாடு தலைகீழாத் தெரியும். ஆனா காஸ்டிக் சோடா? கடையெல்லாம் சாத்தியிருக்கே! சமன்பாட்டுல அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் இருக்குறதை எங்க போய் வாங்குறதுன்னு எந்தப் புக்குலயும் போடல.

திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த அப்பத்தா கேட்டுச்சு: "என்னத்தய்யா தேடுற?"

"காரம் வேணும் அப்பத்தா. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குற காரம்."

"அதுக்கா இந்தப் பாடு? கம்மாக்கரையில உவர்மண்ணு பூத்துக் கெடக்கு. போயி சொரண்டிட்டு வாய்யா."

அப்புறம்தான் சொல்லுச்சு. சோப்பெல்லாம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி, பங்குனி, சித்திரை வெயில்ல கண்மாய் ஓரம் வெள்ளையாப் பொரிஞ்சு நிக்கிற மண்ணைத் தாத்தா கழுதை மேல ஏத்திட்டு வருவாராம். அதைக் கரைச்ச தண்ணியில துணியை முக்கி எடுத்து, வெள்ளாவிப் பானையில அடுக்கி, ராத்திரி பூரா ஆவி கட்டுவாங்களாம். விடியக்காலம் அலசினா வேட்டி கண்ணைப் பறிக்குமாம். நம்ம சிலபஸ் பாஷையில சொன்னா, உவர்மண்ணுல இருக்குறது சோடியம் கார்பனேட். துணியில இருக்குற எண்ணெய்ப் பிசுக்கைச் சூட்டுல பிரிச்சு எடுக்குற வேலையை அந்தக் காரம்தான் பார்த்திருக்கு. எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா லேப் நடந்திருக்கு. நான்தான் அட்டெண்டன்ஸ் குடுக்கல.

மறுநாள் ஒரு சாக்கு உவர்மண் வந்துச்சு. கரைச்சு, தெளிய வச்சு, துணியில வடிகட்டினேன். ஆனா வெறும் சோடியம் கார்பனேட் வச்சு நல்ல சோப்பு காய்ச்ச முடியாது. அதைக் காஸ்டிக் சோடாவா மாத்தணும். அதுக்கு வேணும் சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச மிச்சம் பானையில தண்ணிக்கடியில கிடந்துச்சு. அதைக் கலக்கிச் சூடாக்கினா, வெள்ளையா ஒரு வண்டல் அடியில இறங்குச்சு. கால்சியம் கார்பனேட்! எங்க ஊரு மண்ணுக்கடியில கிடக்குற சுண்ணாம்புக்கல்லும் அதேதான். மேல நின்ன தெளிவு, காரம். எந்தக் கல்லால எங்க தண்ணி சோப்பைக் கெடுக்குதோ, அதே கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு இல்லாம அந்தச் சோப்பு பிறக்கல. அந்த நிமிஷம் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது பாஸ்!

சந்தோஷத்துல பண்ணேன் ஒரு காரியம். அந்தத் தெளிவைச் சுண்டக் காய்ச்ச அம்மாவோட அலுமினியச் சட்டியை எடுத்துட்டேன். பொசபொசன்னு குமிழ் விட்டுச் சட்டி கறுத்துப் போச்சு. காரம் அலுமினியத்தைத் தின்னும், ஹைட்ரஜன் வரும். அதுவும் படிச்சதுதான்! அதுக்கு அம்மாகிட்ட வாங்கினது தனி எபிசோடு.

அடுத்து எவர்சில்வர் பாத்திரம். அப்பத்தாவோட வேப்பெண்ணெய், பலகாரம் சுட்ட பழைய எண்ணெய், ரெண்டையும் ஊத்தி அரை நாள் கிண்டினேன். கூழ் மாதிரி கெட்டியாச்சு. கல்லுப்பு போட்டதும் சோப்பு தனியாப் பிரிஞ்சு மேல வந்துச்சு. ஆறவிட்டா, பழுப்பா, ஜவ்வு மாதிரி ஒரு உருண்டை. நாத்தமோ ஏழு வீட்டுக்கு அடிக்கும். ஆனா சோப்பு!

தங்கச்சி ஆசையா எடுத்துக் கை கழுவினா. அரை மணி நேரத்துல கை சிவந்து எரிய ஆரம்பிச்சுது. காரம் கூடிப்போச்சு. உவர்மண்ணுல எவ்வளவு காரம் இருந்துச்சுன்னு நான் அளக்கவே இல்ல. காரத் தண்ணியைத் தொட்டா விரல் வழவழன்னு இருக்கும் பாருங்க, அது நம்ம தோல்ல இருக்குற எண்ணெயே சோப்பாகுற வழவழப்பு. தங்கச்சி கையைப் பார்த்தப்ப அஞ்சு மார்க் எல்லாம் மறந்து போச்சு. அந்த உருண்டையைப் பாத்திரத்துக்கும் துணிக்கும்னு ஒதுக்கிட்டோம்.

துணி துவைக்கும்போதும் நுரையே இல்ல. அதே திப்பி! தலையில கை வச்சு உட்கார்ந்தேன். அப்பத்தா சிரிச்சுச்சு. "மொதல்ல தண்ணியப் பழக்கணும்யா." ஒரு கை உவர்மண்ணை வாளியில போட்டுக் கலக்கித் தெளிய வச்சுச்சு. தெளிஞ்ச தண்ணியில சோப்பு போட்டா... நுரை! கடின நீரை மென்னீராக்கச் சலவைச் சோடா சேர்க்கணும்னு பிளஸ் டூ-வுல மனப்பாடம் பண்ணதை, ரெண்டாங்கிளாஸ் தாண்டாத கிழவி வாளியில செஞ்சு காட்டுச்சு.

கடை திறந்தப்புறம் காஸ்டிக் சோடா வாங்கி, தராசு வச்சு, ஒழுங்காச் செஞ்சேன். 400 கிராம் தேங்காய் எண்ணெய், 100 கிராம் வேப்பெண்ணெய், 82 கிராம் காஸ்டிக் சோடா, 190 கிராம் நல்ல தண்ணி. கையுறை, கண்ணாடி கட்டாயம். காஸ்டிக்கைத்தான் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். மாத்திப் போட்டா கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். சூடு ஆறினதும் எண்ணெயில ஊத்தித் தோசைமாவு பதத்துக்குக் கலக்கி அச்சுல விட்டு, மறுநாள் வெட்டி, நாலுல இருந்து ஆறு வாரம் காயப் போட்டேன். தேங்காய் எண்ணெய் தூக்கலா இருந்தா உப்புத் தண்ணியிலயும் ஓரளவு நுரைக்கும். முதல் கட்டியை நான்தான் ஒரு வாரம் போட்டுக் குளிச்சேன். அப்புறம்தான் தங்கச்சிக்குக் குடுத்தேன். சென்னையில ரயில்வே டாக்டரா இருந்த வி.பி.சித்தன் 1969-ல் ஆரம்பிச்ச மெடிமிக்ஸும் வீட்டுச் சமையல்கட்டுல பிறந்த சோப்புதானாம். நமக்கு அவ்வளவு பெரிய பிளான் எல்லாம் இல்ல பாஸ். வீட்டுக்கு ஆச்சு, தெருவுல நாலு பேருக்கு ஆச்சு. போதும்.

அந்த வருஷம் ஆன்லைன் கிளாஸ்ல எனக்கு செமினார். தலைப்பு, சப்பானிஃபிகேஷன். கேமராவை ஆன் பண்ணேன். பின்னாடி திண்ணை, வெள்ளாவிப் பானை, அப்பத்தா. "எங்க குடும்பம் பரம்பரையா சலவைத் தொழில் செய்யுற குடும்பம். இந்த சப்ஜெக்ட்ல எங்க அப்பத்தாதான் எனக்கு முதல் ஆசிரியர்"னு ஆரம்பிச்சேன். ஸ்கிரீன்ல இருந்த நாப்பது கட்டமும் கப்சிப். ஒரு விநாடி தொண்டை அடைச்சுது. அப்புறம் ஹாஸ்டல் ரூம்மேட் மைக்கை ஆன் பண்ணினான்.

"மச்சான், எனக்கொரு சோப்பு அனுப்புடா."

அப்பத்தா போனை எட்டிப் பார்த்துச் சொல்லுச்சு: "அனுப்புறதெல்லாம் அனுப்பலாம்யா. அவுக ஊருத் தண்ணி எப்படின்னு மொதல்ல கேளு."