நடத்தி வைத்தவர்

ஜனவரி 18, ஞாயிறு

கல்யாணம் கொல்லையில்தான் என்று அத்தை முடிவு செய்துவிட்டார். நாங்கள் நினைத்திருந்தது வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, திரும்பும் வழியில் ஆளுக்கொரு காபி, அவ்வளவுதான். "ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கற மாதிரி வாங்கிட்டு வர்றதுக்குப் பேரு கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடம் பார்க்க ஆரம்பித்தார். கிணற்றுக்கு இந்தப் பக்கம், மாமரத்து நிழலில், கிழக்கே பார்த்து.

அத்தைக்கு வயது 78. வீடு அவர் பேரில் இருக்கிறது. தென்னையும் மாவும் அவர் வைத்தவை. அவருடைய மகனுக்குத்தான் நான் முதலில் வாழ்க்கைப்பட்டேன். 2011-ல் அந்த மகன் போனார். இப்போது அதே வீட்டுக் கொல்லையில் நான் இன்னொருவருக்கு மாலை போட வேண்டும் என்கிறார்.

இதைப் பெருந்தன்மை என்று எழுதினால் அத்தைக்கே பிடிக்காது. அவர் கணக்கு தெளிவானது. காலையும் இரவும் அவருக்கு இன்சுலின் போடுகிறவள் நான். "நீ அந்தத் தம்பி வீட்டுக்குப் போயிட்டா எனக்கு யாரு ஊசி போடுவா? அவரை இங்க வந்து இருக்கச் சொல்லு." சம்மதம் சொல்வதற்கு முன் வைத்த ஒரே நிபந்தனை இதுதான். மோட்டார்க்காரரிடம் சொன்னேன். "எனக்கு அங்க ஒரு கட்டிலும் அலமாரியும்தான். எங்க வேணா போடலாம்" என்றார்.

ஜனவரி 21, புதன்

அலுவலகத்தில் எல்லாருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறார்கள். சினிமாவில் வருகிற மாதிரி ஏதாவது எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. ஆரம்பித்தது ஃபுட்வால்வில்.

கிணற்று மோட்டார் காலையில் ஓடும், தண்ணீர் ஏறாது. குடத்தால் தண்ணீர் ஊற்றிப் பிரைம் செய்தால் ஏறும். மறுநாள் காலை மறுபடி அதே கதை. முதலில் வந்த ஆள் காயில் எரிந்துவிட்டது, முழுக்கக் கட்ட வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். அத்தைக்குச் சந்தேகம் வந்து வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார். அப்படி வந்தவர் இவர். மோட்டாரைப் போட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார். நிறுத்தினார். "மோட்டார்ல ஒண்ணும் இல்லீங்க மேடம். கீழ ஃபுட்வால்வுல வாசர் தேஞ்சிருக்கும். ராத்திரி பைப்புல நிக்க வேண்டிய தண்ணி கிணத்துக்கே இறங்கிடுது." பைப்பை மேலே இழுத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. வாசருக்கும் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான் கவனித்தது வேறொன்று. கழற்றிய போல்ட்டையும் நட்டையும் ஒரு செய்தித்தாளின் மேல் கழற்றின வரிசையிலேயே வைத்தார். மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்தார். எதையும் தேடவில்லை. விரல்களில் காயிலுக்கு ஊற்றும் வார்னிஷ் வாசனை. அது சோப்புக்குப் போகாது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் டேங்க் மிதவை, கெப்பாசிட்டர், மிக்ஸி என்று ஏதாவது ஒரு வேலை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் இல்லாமல் வந்தார். "மோட்டார் ஓடுதுங்களா?" "ஓடுது." "சரிங்க." சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை, திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை உள்ளேயிருந்து, "தம்பிக்குக் காபி போடு" என்றார். எனக்கு முன்னால் அத்தைக்குப் புரிந்திருக்கிறது.

அவருக்கு 56, எனக்கு 51. இருபது வருடத்துக்கு மேலாக விவாகரத்தானவர். கடைக்கு மேலே ஓர் அறை, மெஸ் சாப்பாடு.

ஜனவரி 27, செவ்வாய்

மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். சந்தோஷம் என்றாள், அழவும் செய்தாள், அதெல்லாம் ஐந்து நிமிடம். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "எங்க மாமியார் வீட்ல என்னன்னு சொல்றது? அவரை நான் என்னன்னு கூப்பிடறது?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதை அவள் பெண்ணே தீர்த்துவிட்டாள். பொங்கலுக்கு வந்திருந்தபோதே அந்தக் குட்டி அவரை மோட்டார் தாத்தா ஆக்கிவிட்டது.

சித்தப்பா பேசினார். ஜாதகமெல்லாம் கேட்கவில்லை. "நம்மவங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "இந்த வயசுல இது தேவையா" என்று போனை வைத்தார். வயதைப் பற்றியே அவர் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று மதியச் சாப்பாட்டில் ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "பதிவு மட்டும் பண்ணிடாத. கோயில்ல மாலை மாத்திக்க. பென்ஷன் பாட்டுக்கு வரட்டும். யாரு கேக்கப் போறா?"

கேட்கிறார்களே. ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். மகளின் அப்பா பொதுப்பணித்துறையில் பணியிலிருக்கும்போதே இறந்ததால் எனக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. அதோடு குடும்ப ஓய்வூதியமும் வருகிறது. அதற்கு ஆண்டு நேர்காணல் உண்டு. கருவூலத்துக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் சான்று கொடுக்க வேண்டும். மனைவிக்கான ஓய்வூதியம் அவள் இறக்கும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை, எது முந்தியோ அதுவரை. விதியில் சாவும் கல்யாணமும் ஒரே வரியில் நிற்கின்றன. ஆணுக்கும் இதே விதிதான். ஆனால் கருவூல வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் யாருக்காக எழுதிய விதி என்று தெரிந்துவிடும்.

முப்பத்தாறு வயதில் அந்தத் தாளில் முதல் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுமணம் என்ற நினைப்பே இல்லாதவளுக்கு அது இன்னொரு தாள். போன வருடம்தான் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அன்று நான் எழுதிக் கொடுத்தது முழு உண்மை. அது இன்னும் எத்தனை நாளைக்கு உண்மை என்று அரசாங்கம் என்னிடம் விசாரிப்பது போலிருந்தது.

அரசாங்கம் மறுமணத்துக்கு எதிரி என்றும் சொல்ல முடியாது. தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமணத் திட்டம் இருக்கிறது. 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். மோட்டார்க்காரரிடம் சொன்னேன், ஆர்வமாகக் கேட்டார். மாப்பிள்ளைக்கு 40 வயதுக்குள் இருக்க வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். இளம் விதவை மணந்தால் தங்கம் தருகிறது, நடுவயதுக்காரி மணந்தால் வருவதை நிறுத்துகிறது. மத்திய அரசு விதியில் பிள்ளை இல்லாத விதவைக்கு, வருமானம் குறைவாக இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும் ஓய்வூதியம் தொடரும். பிள்ளை பெற்றவளை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று கணக்கு. என்னைக் கட்டிக்கொள்கிறவர் காயில் கட்டிச் சம்பாதிக்கிறவர். மழைக்காலத்தில் அவருக்கு வேலையே குறைவு.

பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சம்பளம் இருக்கிறது, அவர்களில் பலருக்கு அந்தப் பணம்தான் அரிசி. நான் பதிவு செய்யப் போவதற்குக் காரணம் நேர்மையும் அல்ல. போன வருடம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்று கேட்டிருந்த இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினேன். தெரிந்தவர் கையெழுத்து செல்லாது என்றார்கள். கும்பகோணத்திலிருந்து அவர் தங்கை பஸ் பிடித்து வந்து சேரும்வரை அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார், நான் பக்கத்தில் அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பத்திரிகை அடிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டாம்தான், பதிவுக்குக் கேட்பார்களாம். அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வரப்போவது இருபத்தைந்து பேர். மிச்சத்தின் பின்பக்கம் அத்தை பால் கணக்கு எழுதலாம்.

தாலி விஷயம் இன்று பெரிதாகிவிட்டது. எனக்கு வேண்டாம். ஒருமுறை கட்டிக் கழற்றியாயிற்று. கழற்றிய அன்று சுற்றி நின்ற பெண்களின் முகங்கள் ஞாபகம் இருக்கின்றன, போதும். அத்தைக்கோ தாலி இல்லாமல் எப்படி என்று. மோட்டார்க்காரர்தான் சட்டம் சொன்னார். இந்தச் சட்டம் அவருக்கு வீட்டுக் கதை. அவர் அப்பா அம்மா 1964-ல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள். அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-ல் தொடங்கி ஊர் ஊராக அப்படி நடந்துகொண்டிருந்தாலும், ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதிரித் திருமணம் ஒன்று செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்றார்கள். "கட்டின மூணாம் வருஷம்தான் எங்கம்மா சட்டப்படி சம்சாரம் ஆனாங்க. நான் பொறந்தது அதுக்கப்புறம். தப்பிச்சேன்" என்றார்.

அந்தப் பிரிவுப்படி, சொந்தக்காரர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில், இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில் இவரை ஏற்கிறேன் என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். எல்லாம் வேண்டியதில்லை, ஒன்று போதும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மாலையாவது நல்லதா வாங்குங்க" என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

தோட்டத்துக் கல்யாணம் என்று படத்தில் பார்ப்பவர்களுக்குத் தென்னைமரம் அழகு. எங்களுக்கு அது தலைக்கு மேல் ஆபத்து. முற்றின காயையும் காய்ந்த மட்டையையும் இன்று ஆள் ஏறிப் பறித்துப் போட்டார். இளநீர்க் குலை இரண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார், விருந்தாளிகளுக்கு ஆகும்.

மாமரம்தான் பெரிய தொல்லை. மாசி, பூ உதிர்ந்து பிஞ்சு விடும் காலம். மரம் முழுக்க முசுறு. இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டியிருக்கிறது, கிளையைத் தொட்டால் கொத்தாக மேலே விழும். மருந்தடிக்கலாம் என்றேன். அத்தை விடவில்லை, முசுறு இருந்தால் பிஞ்சில் பூச்சி விழாதாம். கடைசியில் பந்தலையே கிணற்றுப் பக்கம் நாலு அடி தள்ளிப் போட்டோம். என் கல்யாணத்துக்கு மனிதர்கள் யாரும் தடை சொல்லி நிறுத்தவில்லை, இடம் மாற்றியது எறும்பு.

பிப்ரவரி 22, ஞாயிறு

முடிந்தது. காலை ஒன்பது மணி. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரைக்கு. வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் வைத்த சுயமரியாதைக்காரர்கள் உண்டு. அத்தையிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சம்பங்கி மாலை இரண்டு. தலைக்குத் தஞ்சாவூர்க் கதம்பம். மகள் வைத்துவிட்டாள், மருக்கொழுந்து கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது. யார் தலைமை என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அத்தை நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. பேசச் சொன்னோம். "என் மகனை இந்தப் பொண்ணு நல்லாப் பாத்துக்கிட்டா. இவரையும் பாத்துக்குவா. தம்பி, நீங்களும் பாத்துக்கணும்" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாலையை எடுத்து என் கையில் கொடுத்தார். கை நடுங்கிற்று. முதுமையா வேறொன்றா என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சர்க்கரை குறைந்துவிட்டது என்பார்.

மோட்டார்க்காரர் நெட்டை. எட்டிப் போட வேண்டியிருந்தது. அவர் போட்ட மாலை என் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. இருபத்தைந்து பேரும் சிரித்தார்கள். சித்தப்பா வரவில்லை, சித்தி வந்தார்.

இட்லி, வடை, கடப்பா, அசோகா. கடப்பாவில் கசகசா கொஞ்சம் தூக்கல் என்று அத்தை சமையல்காரரிடமே சொன்னார். ஆனால் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். அசோகாவை அவர் கண்ணில் படாத பக்கமாகப் பரிமாறச் சொல்லியிருந்தேன். எப்படியும் ஒரு கரண்டி உள்ளே போயிருக்கிறது. இரவு ஊசிக்கு முன் பார்த்தால் சர்க்கரை 280.

மார்ச் 4, புதன்

இருவரும் லீவு போட்டுச் சார்பதிவாளர் அலுவலகம் போய் வந்தோம். கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 2009 சட்டம். அதற்குள் ஒரு நாள் சர்வர் வேலை செய்தால் சரி. இவருடைய விவாகரத்துத் தீர்ப்பு நகல், மகளின் அப்பா இறப்புச் சான்றிதழ், பத்திரிகை, போட்டோ. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். 'திருமணத்தை நடத்தி வைத்தவர்' என்ற இடத்துக்கு அத்தையை ஆட்டோவில் கூட்டிப் போயிருந்தோம். எழுத்தர் ஆதாரைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு நீங்க அம்மாவா?" என்றார். "மாமியார்" என்றார் அத்தை. "அப்ப மாப்பிள்ளைக்கு அம்மா?" "இல்ல." எழுத்தர் இறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரையும் அத்தை ஆதாரில் கணவர் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் கருவூலம். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குப் படிவம் இருக்கிறது. செய்துகொண்டேன் என்பதற்கு இல்லை. வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார்கள். எனக்கா எழுத வராது? பொருள்: குடும்ப ஓய்வூதியம் – மறுமணம் – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக. பார்வை, இணைப்பு எல்லாம் போட்டேன்.

பிப்ரவரி மாதத்துக்கு முழுத் தொகையும் வந்துவிட்டது. 23 முதல் 28 வரை ஆறு நாள் பணத்தைச் சலானில் திருப்பிக் கட்ட வேண்டும், கடிதம் வரும் என்றார் அந்தப் பிரிவு எழுத்தர். வயதில் சின்னவர். தாளைப் படித்துவிட்டு, "யாரும் இப்படித் தானா வந்து குடுக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லி முத்திரை குத்தினார். பத்திரிகையை இன்னொரு தரம் பார்த்தார். அதில் மோட்டார்க்காரர் பெயருக்குக் கீழே கடைப் பெயரும் போட்டிருந்தோம்.

"உங்க வீட்டுக்காரர் மோட்டார் பாப்பாரா? எங்க வீட்ல ரெண்டு நாளாத் தண்ணி ஏறல."

நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.