குதிரை ஏறப் போன பையன்

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனதுல இருந்து தங்கச்சி மகனுக்குக் குதிரைப் பைத்தியம். மே லீவுக்குச் சென்னையில இருந்து வந்தவனை, பக்கத்துப் பண்ணையில பத்து நாள் பயிற்சிக்குச் சேர்த்தோம்.

புதுசா வர்ற பிள்ளைகளை முதல் ரெண்டு நாள் மேல ஏத்தவே இல்லைங்க. பிரஷ் போட்டுத் தேய்க்கணும், குளம்புல ஒட்டுன மண்ணைச் சுரண்டணும். நேர் பின்னால நிக்கறது குதிரைக்குத் தெரியாது, மிரண்டா உதைதான். அப்புறம் இடது பக்கமா ஏத்தி, நீளக் கயித்துல வட்டமா நடக்க விட்டாங்க. போன வருஷமே பழகுன பிள்ளைங்க அடுத்த திடல்ல, அங்கவடியில கால் ஊனி எந்திரிச்சு உக்காந்து டிராட் போயிட்டிருந்தாங்க.

அதைப் பார்த்த ஒரு அப்பா, "காசு கட்டியிருக்கோம்ல, எம் பையனையும் ஓட விடுங்க"ன்னு சத்தம் போட்டார்.

"கடிவாளத்தைப் பிடிச்சுத் தொங்கறான் சார், குதிரைக்கு வாய் வலிக்கும். கை தளரட்டும்"னார் பயிற்சி சொல்றவர். எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சுப் போச்சு. புதுக் காளையை ஏர்ல பழக்கும்போது நாமளும் பழகுன மாட்டோடதானே பூட்டுவோம்?

நம்ம பையன் எட்டாம் நாள்தான் கயிறில்லாம நடத்தினான். கடைசிவரை ஓட்டலை. "நான் நிறுத்துன்னா நிக்குது மாமா"ன்னு மட்டும் ராத்திரி சோத்துக்கு முன்னால நாலு தடவை சொன்னான்.