பூப்போடாத கரண்டி



பாத்திரக் கடைக்குப் போனால் நம்ம கண் முதலில் எங்கே போகும்? பூப்போட்ட தட்டு, கோடு போட்ட டம்ளர் மேலதான். ஒண்ணுமே போடாததுக்கு நாம வச்ச பேர் "சாதா". எங்க அக்கா கல்யாணச் சீரில் எல்லாம் சாதா எவர்சில்வர்தான். "ஒரு டிசைன்கூட இல்லையே" என்று ஒருத்தர் சொன்னதும் அம்மா முகம் வாடிப்போச்சு. சாதா என்றால் மட்டமா? இதற்குப் பதில் எனக்கு ஜப்பானில் கிடைத்தது!

அங்கே நீகாட்டா பகுதியில் சுபாமே என்று ஓர் ஊர். சுமார் 400 வருஷத்துக்கு முன்னால், அடிக்கடி வந்த ஆற்று வெள்ளத்தால் கஷ்டப்பட்ட விவசாயிகள், பிழைப்புக்காக இரும்பு ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் செம்புப் பாத்திரம், புகைக்குழாய் எல்லாம் செய்தார்கள். வெளிநாட்டு ஆணி வந்து ஆணித் தொழில் படுத்தது. சிகரெட் வந்து புகைக்குழாயும் போச்சு. ஆனால் கை கற்ற வேலை போகலை. 1910-களில் கரண்டி, முள்கரண்டி செய்ய ஆரம்பித்தார்கள். 1991-ல் நோபல் பரிசின் 90-ஆம் ஆண்டு விருந்து மேசைக்கே இந்த ஊர்க் கரண்டிகள் போயின!

சோரி யானகி (1915–2011) ஜப்பானின் பெரிய வடிவமைப்பாளர். பேர் தெரியாத கைவினைஞர்கள் தினசரிப் புழக்கத்துக்குச் செய்த சாமான்களிலும் பேரழகு உண்டு என்று சொன்ன சோயெட்சு யானகிதான் இவருடைய அப்பா. மகன் முதலில் கையால் மாதிரி செய்து, பிடித்துப் பார்த்து, திருத்திக்கொண்டே இருப்பாராம். 1974-ல் அவர் வடிவமைத்த கரண்டிகளில் ஒரு பூகூட இல்லை. 1994-ல் வந்த கெட்டிலிலும் இல்லை. ஆனால் அதன் அடி அகலம். தீ நன்றாகப் பட்டு தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

யோசித்துப் பாருங்கள். பூ இருந்தால் சின்னக் கீறல் அதுக்குள்ளே ஒளிஞ்சுக்கும். வெறும் தகட்டில் ஒளிய இடமே இல்லை. அதனால் சாதாவாகச் செய்வதுதான் கஷ்டமான வேலை. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா!" என்று சொல்லி, சாதத் தட்டை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாங்க.

அதற்காக வெறுமையா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. விளிம்பு கையைக் கிழிக்கிற தட்டும் பூ இல்லாமல்தான் வருது. ஆகவே தோழிகளே, அடுத்த தடவை கடைக்குப் போனால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விளிம்பை விரலால் தடவுங்கள். கரண்டியைச் சாப்பிடுகிற மாதிரி பிடியுங்கள். கை என்ன சொல்லுதோ அதைக் கேளுங்கள்!



– 9-ஆம் வகுப்பு மாணவி