"என் குமாரனைக் காப்பாற்று"



நேபுகாத்நேச்சார் என்றதும் உங்கள் நினைவில் எழுவது பொற்சிலையும் அக்கினிச்சூளையுமே. அந்தப் பெயரின் பொருளைச் சற்றுக் கேளுங்கள். அது ஒரு ஜெபம்.

பாபிலோனியரின் அக்காதிய மொழியில் அது நபூ-குதுர்ரி-உசுர். "நபூவே, என் வாரிசைக் காப்பாற்று" என்பது பொருள். ஏசாயா 46-ஆம் அதிகாரத்தில் நேபோ என்று நாம் வாசிக்கும் விக்கிரகமே இந்த நபூ. குதுர்ரு என்னும் சொல் எல்லைக்கல்லையும் குறிக்குமாதலால், "என் எல்லையைக் காப்பாற்று" என்று முன்பு பொருள் கூறியோரும் உண்டு. மாநில எல்லையருகே வாழும் நமக்கு அதுவும் பிடிக்கலாம். ஆயினும் வாரிசு என்பதே பொருத்தம். அவன் தகப்பன் நபோபொலாசரின் பெயரும் அதே மன்றாட்டுதான்.

பிள்ளைக்குப் பெயரிடுகையில் நாமும் மன்றாடத்தானே செய்கிறோம்? விடியுமுன் குந்தாரப்பள்ளியில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தகப்பன் யாருக்காக நிற்கிறான்?

அந்தப் பெயரைச் சுமந்தவனோ, ரிப்லாவில் சிதேக்கியாவின் குமாரரை அவன் கண்முன்னே வெட்டுவித்தான். பின்பு அந்தக் கண்களையும் குருடாக்கினான். 2 இராஜாக்கள் 25-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

இது நமக்குத் தூரமானதன்று. உங்களில் மேற்பார்வையாளர் உண்டு. ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரும் உண்டு. தம் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக முழங்கால்படியிடும் ஒருவர், ஒடிசாவிலிருந்து வந்த இன்னொருவர் மகனை இரண்டு ஷிப்டு வேலை வாங்கிவிட்டு ஒரு ஷிப்டுக்கு மட்டும் கூலி கொடுக்கக் கூடுமோ? கூடும். அவருடைய மன்றாட்டைக் கர்த்தர் எவ்விதம் கேட்பார்? நீங்களே சொல்லுங்கள்.

நேபுகாத்நேச்சாரின் வாரிசு ஏவில் மெரொதாக். கி.மு. 562-இல் அரசனானான், இரண்டே ஆண்டில், தன் சகோதரியின் கணவனாலேயே கொல்லப்பட்டான் என்று பாபிலோனியப் பூசாரி பெரோசஸ் எழுதிவைத்தார். நபூ காக்கவில்லை. ஆயினும் அவன் செய்த ஒரு செயலை வேதம் மறக்கவில்லை. 37-ஆம் வருஷத்துச் சிறையிருப்பிலிருந்து யோயாக்கீனை வெளியே கொண்டுவந்து, தன் பந்தியில் அமர்த்தினான்.

யோயாக்கீன், சந்தானமற்றவன் என்று எழுதப்படும்படி எரேமியா 22-இல் தீர்ப்புப் பெற்றவன். அவன் குமாரர் எவரும் தாவீதின் சிங்காசனத்தில் ஏறவுமில்லை. ஆனால் பாபிலோன் இடிபாடுகளில் ஜெர்மானியர் தோண்டியெடுத்த சில களிமண் பலகைகளை வைட்னர் என்னும் அறிஞர் 1939-இல் வெளியிட்டார். நேபுகாத்நேச்சாரின் பண்டசாலைக் கணக்குகள் அவை. யூதா ராஜாவின் ஐந்து குமாரருக்கு இரண்டரை சீலா எண்ணெய் அளந்து கொடுத்ததாக அங்கே பதிவாகியிருக்கிறது. சிதேக்கியாவின் குமாரரை வெட்டுவித்தவனுடைய பண்டசாலையே இவர்களுக்கு எண்ணெய் அளந்தது.

மத்தேயு முதலாம் அதிகாரத்தின் வம்ச வரலாறு பாபிலோனைக் கடந்து யோசேப்புவரை வருவது, எகொனியா என்று அழைக்கப்படும் இந்த யோயாக்கீனின் குமாரன் சலாத்தியேல் வழியாகத்தான்.