நின்ற கணத்தில் விசாரணை

ஜேர்மனியில் வாழும் என் மருமகனிடம் 1972ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கேம்பர் வான் ஒன்று இருக்கிறது. ஹனோவர் ஆலையில் உருவானது. காற்றால் குளிரும் எஞ்சின் பின்புறத்தில். சென்ற கோடையில் அதில் பயணம் புறப்பட்டோம். அரை மணி நேரம் ஓடியதும் திடீரென அடங்கி நிற்கும். பத்து நிமிடம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும்.

"கொயில்தான் சூடேறுகிறது, மாமா" என்றார் மருமகன். கொயிலையும் கொண்டென்சரையும் மாற்றினார். மறுநாள், பின்னால் லொறி ஒன்று நெருங்கி வருகையில், வான் மறுபடியும் நின்றது. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். உருண்ட வேகத்திலேயே ஓரங்கட்டினோம்.

ஊகத்தைச் செய்தியாக்கலாகாது என்பது பத்திரிகைத் தொழிலில் நான் பட்டறிந்த பாடம். "ஆறுமுன் இப்போதே சோதிப்போம்" என்றேன். வேறொரு பிளக்கை வயரில் பொருத்தி, எஞ்சின் உலோகத்தில் தொடவைத்துச் சுழற்றினோம். நீலப் பொறி பாய்ந்தது. மின்சாரம் நிரபராதி! பின்னர் எஞ்சினை நிறுத்திவிட்டு, காபரேற்றரின் வாயைப் பார்த்தபடி அக்சிலேற்றர் நெம்பை அசைத்தோம். பெற்றோல் பீறிடவில்லை.

வீடு திரும்பி, எஞ்சின் நன்றாக ஆறியபின் தாங்கியின் குழாயைக் கழற்றினோம். தாராளமாக வந்த பெற்றோல் சிறிது நேரத்தில் நூலாக மெலிந்தது. தாங்கிக்குள் அரை நூற்றாண்டுத் துரு. ஓடும்போது அது வழியை அடைக்கும். நின்றதும் விலகிப் படியும்.

கையோடு இன்னொன்றும் அகப்பட்டது. எஞ்சினுக்கு மேலே செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்து, பெற்றோல் கசியத் தொடங்கியிருந்தது. கொயிலையே பழித்துக்கொண்டு ஓடியிருந்தால், ஒருநாள் அந்த வான் நின்றிருக்காது, எரிந்திருக்கும்.