மூவ் நோட்டு

எட்டயபுரம். கரிசல் வெயில். மேசையில் பகடை.

ஆட்டத்தின் பெயர் ‘மாஸ்க்ஸ்’. பிரெண்டன் கான்வே எழுதியது, 2016. விடலை வயது சூப்பர் ஹீரோக்கள். சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடுவது.

உயிருக்கு எண் கிடையாது. அடி வாங்கினால் ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கை இழப்பு, தன்மேலேயே சந்தேகம்.

ரத்தத்துக்குக் கட்டம் இல்லை.

பலமும் ஐந்து லேபிள்கள்தான். ஆபத்தானவன், விசித்திரமானவன், காப்பாற்றுகிறவன், கெட்டிக்காரன், சாதாரணமானவன். பெரியவர் யாராவது ‘நீ இப்படித்தான்’ என்று சொன்னால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்.

ஆரம்பத்திலேயே எல்லாப் பெரியவர்களுக்கும் பிள்ளைகள்மேல் செல்வாக்கு உண்டு. இது விதி. அவர்கள் சம்பாதிக்க வேண்டியதில்லை.

மறுத்துப் பேசலாம். அதற்கும் பகடை போட வேண்டும்.

மூவ் என்றால்: ‘இன்னது செய்தால், உருட்டு.’ இரண்டு பகடை, கூட லேபிள். 10, அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் கை கடிக்கும். 6, அதற்குக் கீழே என்றால் ஆட்டம் நடத்துகிறவர் பாடு கொண்டாட்டம். தோற்றவனுக்கு வளர்ச்சிக் கட்டத்தில் ஒரு புள்ளி. ஐந்து சேர்ந்தால் புதுசாக ஒன்று கிடைக்கும்.

சும்மா உருட்டினால் 36 வழிகளில் 15 தோல்வி.

புத்தகத்தில் உள்ள மூவ்கள் அமெரிக்க நகரத்துக்கானவை. உயரமான கட்டடம் வேண்டும். இங்கே உயரமானது எது? யோசிக்க வேண்டும்.

சொந்த மூவ், முதல் வரைவு: ‘டீக்கடையில் ஒருத்தர் “நீ இன்னார் மகன்தானே” என்று கேட்டால், சாதாரணத்தைக் கூட்டி உருட்டு. 7 முதல் 9: டீ இலவசம், ராத்திரிக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும்.’

ஆட வந்த பசங்க சிரித்தார்கள். இருக்கட்டும்.

மூவுக்கு ஊர்க் கதைகளும் உண்டு: உமறுப்புலவர் கதை. கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்து எட்டயபுரத்துக்கு ஒருவர் வந்தாராம். எதிரே போய் நின்றது ஆசிரியர் இல்லை, மாணவன் உமறு. வயசு பதினாறு என்கிறார்கள்.

‘மாஸ்க்ஸி’ல் குரு-சீடன் பாத்திரம் ஒன்று உண்டு. சீடனின் தலைவலி எதிரி இல்லை, குரு.

அடுத்தது சுப்பையா. பிறந்தது 1882. அரண்மனைச் சபையில் ‘பாரதி’ பட்டம் கிடைத்தபோது வயசு பதினொன்று.

அந்த ஈற்றடிக் கதையும் உண்டே. பெரிய புலவர் ஒருவர் பையனைச் சின்னவன் என்று முடிக்கிற அடியைக் கொடுத்து வெண்பா கேட்டாராம். பையன் அடியை மாற்றவில்லை. முன்னே மூன்றை வைத்து, கொடுத்தவர் பக்கமே திருப்பிவிட்டான் என்பார்கள்.

1897 கல்யாணம், பதினாலு வயசு. 1898 அப்பா போனார்.

வரைவு: ‘உன்னை மட்டம் தட்டும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு பதில் சொன்னால், விசித்திரத்தைக் கூட்டி உருட்டு. 10: அவர் செல்வாக்கு போச்சு. 7 முதல் 9: போச்சு, ஆனால் சபை அவர் பக்கம்.’ 6க்கு என்ன? பட்டம் நிலைத்துவிடும். நல்ல பட்டமா என்று எழுதவில்லை.

காமிக்ஸ் ஹீரோவும் உண்டு: இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ், 1972, சிவகாசி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

அந்தக் கை மறையாததால்தான் அது மூவ். 7 முதல் 9 அதுதான்.

ஒரு பொண்ணு தன் ஹீரோயினை தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு வைத்திருக்கிறாள். சக்தி: தொட்டதெல்லாம் சூடாகும். ‘மருந்து வாடை வருமா அண்ணே, மூவ்ல?’ வரும். ‘கைகழுவாமல் சாப்பிட்டால்’ என்று தொடங்கி எழுதச் சொன்னேன். அவளே எழுதிக்கொண்டு வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தால் குற்றவுணர்வு குறித்துக்கொள், இல்லாவிட்டால் பொய் சொல். என்னுடையதைவிட நல்ல மூவ்.

ஆறுமுகப் பகடை கேட்டால் கடையில் லூடோ செட்டையே எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறது. பித்தளை, நீளவாக்கு, நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை.

இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. 16ல் ஒன்று.

தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. 16ல் இரண்டு.

கூட்டிப் பார்த்தால் மூன்றுதான் அதிகம் வரும், நாலு வழி. அதை ‘நடக்கும், ஆனால்’ என்று வைக்கலாம். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம் என்ற விதியை எடுத்துவிட்டால் கணக்கு நேராகும். எடுக்க விடமாட்டார்கள், பசங்க.