ஒன்பதுல ஒண்ணு காணோம்

"கவலையே படாதீங்க மதினி, ஒன்பதும் எங்கிட்ட பத்திரமா இருக்கு."

இப்படித்தான் ஃபோனில் அளந்து விட்டேன். அந்த வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.

விஷயம் இதுதான். எங்க மாமா மானாமதுரை பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 2004ல ஒரு இணைய இதழில் மீட்டர் கேஜ் காலத்து நினைவுகளை ஒன்பது பகுதியா எழுதினார். ராத்திரி ரெண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோட நின்னு, ஓடுற எஞ்சின் டிரைவர் கையில் டோக்கன் வளையத்தை மாட்டி விடுறது எப்படின்னு ரெண்டாம் பகுதியில் எழுதியிருப்பார் பாருங்க, படிக்கிறப்பவே தோள்பட்டை வலிக்கும். மாமா போய் மூணு வருஷம் ஆகுது. மூணாம் வருஷ சாமி கும்பிடுக்கு அந்த ஒன்பதையும் சின்னப் புத்தகமா போட்டு சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும்னு மாமா மகளுக்கு ஆசை. என்னை விட மூத்தவங்க, அதனால எனக்கு மதினி. "நீதானே தம்பி எல்லாத்தையும் சேத்து வப்ப"ன்னு என்னைக் கேட்டாங்க.

நியாயமான கேள்விதான். 2012லேருந்து, அப்புறம் படிக்கலாம்னு நினைக்கிற எல்லாத்தையும் ஒரு சேவையில் சேமிச்சுக்கிட்டே வந்தவன் நான். பேர் வேண்டாம். போன வருஷம் அது கடையைச் சாத்தினப்போ, "உங்கள் சேமிப்பைத் தரவிறக்கிக் கொள்ளுங்கள்"னு மெயில் வந்தது. சமர்த்தா இறக்கி, ரெண்டு இடத்தில் பிரதி எடுத்து வச்சேன். திறந்து மட்டும் பாக்கலை.

மதினி கேட்ட அன்னைக்குத்தான் திறந்தேன். மூவாயிரத்துச் சொச்சம் வரி. ஒவ்வொரு வரியிலும் தலைப்பு, முகவரி, சேமிச்ச தேதி. அவ்வளவுதான். கட்டுரையைக் காணோம். மாமாவோட ஒன்பது முகவரியும் வரிசையா நிக்குது, எதைத் தட்டினாலும் "பக்கம் இல்லை". அந்த இதழ் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சாம். அவங்களைக் குத்தம் சொல்லி என்ன? வீட்டு நம்பரை எழுதி வச்சுக்கிட்டு வீடே எங்கிட்ட இருக்குன்னு நினைச்சது நான்தானே.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ரீடபிலிட்டி 2016ல நின்னது. ஆம்னிவோர் 2024 கடைசியில் போச்சு. இந்தக் கூட்டத்துக்கே பெரியண்ணன் பாக்கெட். 2007ல 'ரீட் இட் லேட்டர்'னு பிறந்து, 2012ல பேர் மாறி, 2017ல மொசில்லா கைக்குப் போய், 2025 ஜூலை 8ஆம் தேதி மூடினாங்க. அவங்க கொடுத்த ஏற்றுமதிக் கோப்பிலும் முகவரிகள்தான், கட்டுரையோட உரை கிடையாது. பொய் சொன்னாங்கன்னு சொல்ல முடியாது. 'அப்புறம் படி'ன்னுதான் பேரே வச்சாங்க. 'என்னைக்கும் வச்சுக்கோ'ன்னு எவனும் சொல்லலை.

சரி, இனிமே எதை நம்புறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உக்காந்து ஒரு சோதனை வச்சேன். ஒரே தமிழ்க் கட்டுரையை நாலஞ்சு கருவியில் சேமிக்கணும். பிறகு அதிலிருந்து ஏற்றுமதி பண்ணி, பையனோட பழைய லேப்டாப்பில் போட்டு, வைஃபையை அணைச்சிட்டுத் திறக்கணும். படிக்க முடிஞ்சா பாஸ். தங்கமணி எட்டிப் பாத்துட்டு, "அதுக்குப் பேசாம அந்தக் கட்டுரையைப் படிச்சே முடிச்சிருக்கலாம்"னு சொல்லிட்டுப் போனாங்க. அது வேற கதை.

இன்ஸ்டாபேப்பர் 2008லேருந்து இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. படிக்கிறதுக்கு அதுதான் சுகம். விளம்பரமெல்லாம் உதிர்ந்து எழுத்து மட்டும் நிக்கும், பஸ்ஸில் சிக்னல் இல்லாம போனாலும் படிக்கலாம். ஆனா மொத்தமா பட்டியலை இறக்கினா அங்கேயும் முகவரிதான். என் சோதனையில் ஃபெயில்.

அடுத்து வாலபேக். கட்டற்ற மென்பொருள். கட்டுரையோட உரையையே தன்கிட்ட வச்சுக்கும், இபப் கோப்பா வெளியே எடுத்தும் தரும். வைஃபை இல்லாமலே ஜம்முனு திறந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை. 2013ல 'போஷ்'ங்கிற பேர்ல ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சில் பாக்கெட்னு அர்த்தம். பெரியண்ணன் ஆட்சேபிக்கவே பேரை மாத்திக்கிட்டாங்க. இன்னைக்குப் பெரியண்ணன் இல்லை, இது இருக்கு. என்ன, சொந்தமா சர்வரில் நிறுவணும், இல்லேன்னா அவங்களுக்கே வருஷச் சந்தா கட்டணும். அப்புறம் உள்நுழைஞ்சு படிக்கிற பக்கங்களில் இந்த மாதிரி கருவிகள் பல சமயம் முதல் பத்தியை மட்டும் கவ்விக்கிட்டு வரும். கட்டுரையை எடுக்கப் போறது அவங்க சர்வர், நாம இல்லையே.

பிடிஎஃப் ஆக்கி வைக்கிறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்கு அழகாத்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு பத்தியைத் தமிழில் நகலெடுத்து ஒட்டிப் பாருங்க. பல நேரம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். 'கொடி'ன்னு தேடினா கிடைக்காது. நூறு கட்டுரைக்கு மேல போனா தேட முடியாதது இருந்தென்ன, இல்லாட்டி என்ன?

கடைசியில் மனசுக்குப் பிடிச்சது சிங்கிள்ஃபைல்ங்கிற உலாவி நீட்சி. ஒரு தட்டு தட்டினா, உலாவியில் இப்போ தெரியிற பக்கம் அப்படியே, படம், எழுத்துரு எல்லாத்தையும் உள்ளே சுருட்டி ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பா இறங்கும். கணக்கு, சந்தா, சர்வர் எதுவும் வேண்டாம். நாளைக்கே அந்த நீட்சி காணாம போனாலும் கோப்பு எங்கிட்ட இருக்கும், எந்த உலாவியிலும் திறக்கும். படம் நிறைய இருந்தா பல எம்பி பிடிக்கும்தான். பிடிச்சிட்டுப் போகுது. இப்ப பஸ்ஸில் படிக்க இன்ஸ்டாபேப்பர், படிச்சு முடிச்சு இதை விடக் கூடாதுன்னு தோணினா அங்கேயே ஒரு சிங்கிள்ஃபைல், கூடவே வேபேக் மெஷினுக்கும் அந்த முகவரியைக் கொடுத்து சேமிக்கச் சொல்லிடறேன். நமக்கு இல்லாட்டியும் வேற யாருக்காவது ஆகும்.

மாமா கட்டுரைக்கு வருவோம். அந்த ஒன்பது முகவரியையும் வேபேக் மெஷினில் ஒவ்வொண்ணா போட்டேன். வீட்டு நம்பராவது இருந்ததேன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. அஞ்சு கிடைச்சது. அதில் ரெண்டு பழைய திஸ்கி எழுத்துருவில், திறந்தா ஒரே பூச்சி பூச்சியா இருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டதும், "அன்று எனக்கு ராத்திரி டூட்டி" அப்படின்னு மாமா பேச ஆரம்பிச்சுட்டார். மதினிக்கு ஃபோன் போட்டு வாசிச்சுக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்சம் கழிச்சு, "மிச்சத்தையும் தேடுப்பா"ன்னாங்க.

மிச்சத்தில் மூணு, மாமாவோட டிரங்குப் பெட்டியில் கிடைச்சது. தானே பிரிண்ட் எடுத்து, பின் அடிச்சு, மூலையில் தேதி போட்டு வச்சிருக்கார் மனுஷன். மை வெளுத்திருந்தாலும் படிக்க முடிஞ்சது. மதினி மகன் உக்காந்து தட்டச்சு பண்ணிட்டான்.

ஆறாம் பகுதி மட்டும் எங்கேயும் இல்லை. தண்டவாளத்தில் வந்து படுத்துக்கிட்ட ஒரு கன்னுக்குட்டிக்காக வண்டியை நிறுத்தி வச்சு, மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த கதை. புத்தகம் ஐப்பசியில் அச்சுக்குப் போகணும். பழைய ஹார்ட் டிஸ்க், சிடி எதிலாவது 2004 வாக்கில் சேமிச்ச பக்கங்கள் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் தேடிப் பாருங்க மக்களே. மானாமதுரை, ராத்திரி வண்டி, கன்னுக்குட்டி. இந்த மூணும் வந்தா அது எங்க மாமாவோடதுதான்.